அறுபத்திரண்டு டிகிரி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது பால்ராஜ் அண்ணன்தான். போன வருஷம் பெந்தகோஸ்து ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, எங்கதையைக் கேட்டியா?" என்று பக்கத்தில் வந்து நின்றார். தோற்றுப்போனவரே வந்து சொன்னதால் இதில் புளுகு குறைவாகத்தான் இருக்கும். அவர் விழுங்கிவிட்டதை எல்லாம் அவர் மனைவி அற்புதமேரி மதினி அந்த வாரமே வந்து துப்புரவாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆவூரில் பால்ராஜ் அண்ணன் என்றால் யாருக்கும் சட்டென்று தெரியாது. டிகிரி வாத்தியார் என்று கேட்க வேண்டும். பெரிய படிப்புப் படித்து வந்த பேர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ரிட்டயர் ஆனவர், இப்போது பாரத தேசத்தின் வெயிலையும் குளிரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறார். தினமும் நாட்டிலேயே எந்த ஊரில் அதிக வெயில், எந்த ஊரில் அதிகக் குளிர் என்று பேப்பரிலும் ரேடியோவிலும் தேடிப் பிடித்து நோட்டில் எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எழுதுவதோடு நின்றால் பரவாயில்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினார்.

"என்னங்க, வேர்த்து ஊத்துது. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க."

"இங்க முப்பத்தெட்டு. பார்மர்ல நாப்பத்தேழு. அங்க இருக்கிறவன் என்ன உருகியா போயிட்டான்?"

மார்கழியில் பேச்சு வடக்கே ஏறிவிடும்.

"என்னங்க, போர்வையை நீங்களே இழுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

"டிராஸ்னு ஒரு ஊரு. மைனஸ் நாப்பதுக்குக் கீழ எல்லாம் போயிருக்கு. இங்க இருபது. இதுக்குப் போர்வையே அதிகம்."

போர்வை மட்டும் கடைசிவரை அவர் பக்கம்தான் இருக்கும்.

மதினி ஒரு தடவை பொறுக்காமல் அடுப்படியில் இருந்தே கத்தினாராம்: "ரசம் நூறு டிகிரியில கொதிக்குது. இந்தியாவுலயே இதுதான் அதிகம். வந்து எழுதிக்கங்க!"

ஆவூரின் வெப்பத்தை அளக்க அண்ணன் சொந்தமாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக்கு முன்னால் நாலடி உயரத்தில் ஒரு கால் நட்டு, அதன்மேல் மரப்பெட்டி. காற்றுப் போக நாலு பக்கமும் சட்டம் அடித்து, வெள்ளைப் பெயின்ட் பூசி, உள்ளே தெர்மாமீட்டர். "வெயில் நேராப் படக்கூடாது. நிழல்லதான் அளக்கணும். அதான் முறை" என்பார். முறை சரிதான். பெட்டியைப் பார்த்தால்தான் வினை. கால் நட்டு, வெள்ளை அடித்து, கூரை போட்டு, உள்ளே என்னமோ இருக்கிற மாதிரி இருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மாதா சொரூபம் வைத்த கெபி என்றுதான் நினைப்பார்கள். திருவிழாவுக்கு வந்த வெளியூர் ஆட்கள் சிலுவை போட்டுக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். நானும் முதல் வாரம் போட்டேன்.

அப்படித்தான் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு யாரோ ஒரு புண்ணியவதி பெட்டிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். மதினி எட்டிப் பார்த்து, அளவை வாசித்து, உள்ளே வந்து எண்ணை மட்டும் சொன்னார். அண்ணன் துள்ளிக் குதித்தார்.

"நாப்பத்தொம்பதா? கரூர் பரமத்தியையே தூக்கிச் சாப்பிட்டாச்சு! தமிழ்நாட்டுலயே இன்னைக்கு ஆவூருதான்!"

நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, டீக்கடைவரை போய் அறிவித்துவிட்டு வந்தார். டீக்கடை ஆண்டியப்பன்தான் ரிட்டயர் ஆன பிறகு அவருக்குக் கிடைத்த முதல் மாணவர், வயது அறுபது. அவர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, "வாத்தியாரே, வெயில் இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, ஊதி அணைக்கவா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரிக்குள் ஒரு சட்டம் போட்டார் அண்ணன். நோட்டின் முதல் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதினார்: சந்தேகமான அளவு எதையும் வாய்வழியாகக் கேட்டு எழுதக் கூடாது. அளந்தவரிடமே நேரில் விசாரிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மதினி வைத்துக்கொண்டார்.

சரி, இவருக்கு இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் யாரும் கேட்கவில்லை. ரிட்டயர் ஆனவருக்குப் பொழுது போகவில்லை என்றுதான் நினைத்தோம். மதினி ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த முதல் நோட்டின் முதல் பக்கத்துத் தேதி, மகன் ஜெபக்குமார் ரயிலேறிப் போன மறுநாள்.

ஜெபக்குமார் அவர்களுக்கு இரண்டாவது பிள்ளை. மூத்தவள் ஜெனிபரைத் திருச்சியில் கட்டிக் கொடுத்தாயிற்று. இவனைத் தன்னைப் போல வாத்தியாராக்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. பி.எட். படிக்க இடம் எல்லாம் பார்த்து வைத்திருந்தார். பையன் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லைப் பாதுகாப்புப் படை செலக்சனுக்குப் போய், ஓடி, தாண்டி, தேறி, ஆர்டரோடு வந்து நின்றான். அண்ணன் அன்றைக்கு வீட்டு நடுவில் நின்று ஒரு முடிவு சொன்னார்.

"இனிமே நானா இவன்ட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

பையன் யார் மகன்? அவனும் ஒரு முடிவு சொன்னான்.

"அப்பா வாயால வான்னு சொன்னாத்தாம்மா நான் இந்த வீட்டுக்குள்ள வருவேன்."

இரண்டு பேரும் சொன்ன சொல் மாறாதவர்கள். அதுதான் மதினிக்கு வந்த சோதனை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ராஜஸ்தானில், ஜெய்சல்மேருக்கும் அங்கிட்டு மணல் காட்டில் முகாம். முதல் லீவுக்கு வந்தவன் அக்காள் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போனான். மதினி தூக்குச்சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவது மாதிரி தினமும் திருச்சிக்குப் பஸ் ஏறினார். பெற்ற பிள்ளைக்கு இன்னொரு வீட்டுத் தட்டில் சோறு போட்டுவிட்டுச் சாயந்திரம் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த லீவு முடிந்த அன்று மதினி மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, "அடுத்த லீவுக்கு அவன் என் வீட்டுலதான் திங்கணும் தாயே. எப்படின்னு நீ சொல்லு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று ஜெபித்தாராம்.

இப்போது அந்த நோட்டைப் பார்ப்போம். பக்கத்துக்கு நாலு வரி. முதல் வரி, நாட்டிலேயே அதிகம். இரண்டாவது, நாட்டிலேயே குறைவு. மூன்றாவது, ஆவூர். நாலாவது வரிக்கு ஊர்ப் பெயரே கிடையாது. வெறும் எண் மட்டும் இருக்கும்.

அந்த எண் எங்கிருந்து வரும்? தினமும் காலை பதினொன்றரைக்கு மகன் டியூட்டி மாறி வந்து அம்மாவுக்குப் போன் போடுவான். மதினி அடுப்படியில் நின்று பேசுவார். அண்ணன் கூடத்தில் மேசைக்கு முன்னால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மதினி வெளியே வந்ததும் கேட்பார்.

"கேட்டியா?"

"எதை?"

"அதான்… பொது அறிவை."

"நல்லா இருக்கானாம். நெத்திலிக் கருவாடு தீர்ந்துபோச்சாம். சளி விட்டுருச்சாம்."

"நான் அதைக் கேட்டேனா?"

"நாப்பத்தஞ்சு."

எழுதிக்கொள்வார். ஆனால் சாப்பாடு, சளி, தூக்கம் எல்லாம் மதினி சொல்லி முடிக்கும்வரை பேனாவுக்கு மூடி போடமாட்டார். பேப்பரில் ஜெய்சல்மேர் வெயில் போடுகிறார்களே, அதை எழுதினால் என்ன என்று ஆண்டியப்பன் ஒரு தடவை கேட்டதற்கு, "அது அங்கேருந்து நூறு கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர்ல ஒரு டிகிரி வித்தியாசம் வந்தா அங்க நிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்?" என்று சீறினாராம். யார் நிற்கிறார்கள் என்று சொல்லவில்லை.

என் மூத்தவன் குவைத்தில் இருக்கிறான். இந்த வியாதி எனக்கும் உண்டு. நான் நோட்டுப் போடவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் மே மாதம் நடுவில்தான் அந்த அதிசயம் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை பேரில்லாத வரியில் நாற்பத்தாறு. புதன்கிழமை நாற்பத்துநாலு. வியாழன் நாற்பத்திரண்டு. வெள்ளி நாற்பது.

அண்ணன் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"தினம் ரெண்டு ரெண்டு டிகிரி எறங்குது! படி வெச்ச மாதிரி எறங்குது! அங்க மழையா? காத்தா? கேட்டியா அவன்ட்ட?"

"காத்து இருக்காம். ஜன்னலோரம்… ஜிலுஜிலுன்னு வருதாம்."

"பாலைவனத்துல மே மாசம் ஜிலுஜிலுன்னா? அற்புதம், இது சாதாரண விசயமில்ல."

"எனக்கும் அப்படித்தாங்க தோணுது" என்றார் மதினி.

அன்று சாயந்திரம் டீக்கடையில் அண்ணன் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். மேற்கிலிருந்து ஒரு காற்று வருகிறது, அது மணலைக் குளிர வைக்கிறது, பேப்பர்காரனுக்கு இன்னும் தெரியாது, தினம் இரண்டு டிகிரி வீதம் இறங்கினால் பத்து நாளில் அந்த இடம் ஊட்டி ஆகிவிடும் என்று பெஞ்சில் டீ கிளாஸை நகர்த்தி நகர்த்திக் காட்டினார்.

"அப்ப நம்ம ஊரு எப்ப ஊட்டியாகும் வாத்தியாரே?" என்றார் ஆண்டியப்பன்.

"அது வேற காத்து."

ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முகம் மலர்ந்திருந்ததாம். அந்த மணல் காட்டில் நிற்கிறவனுக்குக் கொஞ்சம் நிழல் கிடைத்த மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி. அதை மதினி பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் மறுநாளைத் தீர்மானம் செய்தார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே ஆட்டுக்கறி வாசனை தெருவைத் தாண்டியது.

"என்ன விசேஷம்? யாரு வர்றா?"

"யாராவது வந்தாத்தான் கறி எடுக்கணுமா? நாம திங்கக் கூடாதா?"

"உலையில இம்புட்டு அரிசி போட்டிருக்க."

"வெயிலுக்கு எனக்குப் பசி ஜாஸ்தியாயிருச்சு. இது பொது அறிவு, ஒங்க நோட்டுல இல்லையா?"

பதினொன்றரைக்குப் போன் வந்தது. மதினி பேசினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பேசினார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அண்ணன் பேனாவைத் திறந்து தயாராக இருந்தார். முப்பத்தெட்டு என்று எதிர்பார்த்தார்.

"எத்தனை?"

"அறுபத்திரண்டு."

பேனா அப்படியே நின்றது.

"எத்தனை?"

"அறுபத்திரண்டுங்க. ஆறு போட்டு ரெண்டு போடுங்க."

"நேத்து நாப்பது!"

"அது நேத்து."

"ஒரே நாள்ல இருபத்திரண்டு டிகிரி ஏறுமா? ஏன்டி, இந்த நாட்டுல இதுவரைக்கும் அளந்ததுலயே பெருசு அம்பத்தொண்ணு. பலோடி. ரெண்டாயிரத்துப் பதினாறு, மே பத்தொம்பது!"

"அப்ப எம்மவன் முகாம் ஜெயிச்சிருச்சு. எழுதுங்க."

"ஜெயிக்கிறதுக்கு இது என்ன ஜல்லிக்கட்டா? அறுபத்திரண்டு டிகிரியில மனுசன் நிக்க முடியாது!"

"அவன் நிக்கிறானே" என்றார் மதினி.

அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அண்ணனுக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"வெயில்ல கொண்டுபோய் வெச்சு அளந்திருப்பான் மடையன். தெர்மாமீட்டரை நிழல்ல வெக்கணும்."

"நீங்க சொல்லிக் குடுத்திருக்கணும்."

"சொல்லித்தான் குடுத்தேன்! ஏழாவதுல! அவன் கையாலயே வரைஞ்சான், பெட்டிய!"

"மறந்திருப்பான். வயசாகுதுல்ல, இருபத்தஞ்சு."

"திரும்பப் போன் போடு. நிழலா வெயிலான்னு கேளு."

"நான் கேக்கமாட்டேன்."

"ஏன்?"

மதினி நோட்டை மூடி, முதல் அட்டையைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மை.

"சந்தேகமான அளவு எதையும் வாய்வழியாகக் கேட்டு எழுதக் கூடாது. அளந்தவரிடமே நேரில் விசாரிக்க வேண்டும். இது யாரு கையெழுத்துங்க?"

அண்ணன் தன் கையெழுத்தையே புதுசாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"அப்ப இன்னைக்கு எழுதல."

"சரி. வெறுமனே விட்ருங்க" என்று மதினி அடுப்படிக்குத் திரும்பினார்.

அதுதான் அவரால் முடியாது. இரண்டு வருஷத்தில் அந்த வரி ஒரு நாள்கூட வெறுமையாக இருந்ததில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோதுகூடப் படுக்கையில் ஒருக்களித்துக்கொண்டு எழுதினார். கூடத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். பேப்பரைப் புரட்டினார். வெளியே போய்ப் பெட்டியைத் திறந்து ஆவூர் வெயிலைப் பார்த்துவிட்டு வந்து மூன்றாவது வரியில் முப்பத்தொன்பது என்று எழுதினார். நாலாவது வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நான் அவன்ட்டப் பேசமாட்டேன்னு சொன்னவன்."

"யாரு பேசச் சொன்னா? டிகிரி கேக்கிறது பேச்சா? பொது அறிவு."

"…ஆமா. பொது அறிவுதான்."

"சட்டுனு கேட்டுட்டு வெச்சிருங்க. குழம்பு கொதிக்குது, நான் போட்டுத் தாரேன்."

மதினி போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து மேசைமேல் வைத்தார். ஒரே மணியில் எடுத்தான் பையன்.

"சொல்லும்மா."

அண்ணன் தொண்டையைச் செருமினார். வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டார்.

"எத்தனை?"



"அப்பா?"

"டிகிரி எத்தனைன்னு கேட்டேன்."

"முப்பத்தொம்பதுப்பா."

"அறுபத்திரண்டுன்னு சொன்னியாமே?"

"நான் எதுவும் சொல்லலியேப்பா."

அண்ணன் திரும்பி மதினியைப் பார்த்தார். மதினி குழம்பைப் பார்த்தார்.

"நெழல்ல நின்னுதான் சொல்றியா?"

"ஆமாப்பா. புளியமரத்தடியில நிக்கிறேன்."

"புளியமரமா? அந்த மணல் காட்டுல ஏதுடா புளியமரம்?"

பதில் வருவதற்குள் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. எங்கள் கோயிலில் மூவேளை ஜெபத்துக்கு மணி அடித்தது. டாங், டாங், டாங் என்று ஜன்னல் வழியாக வந்தது. டாங், டாங், டாங் என்று போன் வழியாகவும் வந்தது. அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் ஒலியின் வேகம் நடத்தியவர். இருந்தாலும் கணக்குப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அங்க… கோயில் மணியா அடிக்குது?"

"ஆமாப்பா."

"நம்ம மணி மாதிரி இருக்கு."

"நம்ம மணிதாம்ப்பா."

மதினி சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மணிக்கான ஜெபம் பாதி, பயம் பாதி. வீட்டுக்கும் கோயில் புளியமரத்துக்கும் நடுவே இருநூறு அடி தூரம். அந்த இருநூறு அடிக்காகத்தான் அவர் ராஜஸ்தான் வெயிலையே ஏற்றி இறக்கினார். அப்பன் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும். வராவிட்டால் பையன் அங்கிருந்தே திருச்சிக்குப் பஸ் ஏறிவிடுவான். சொன்னால் செய்கிறவன்.

அண்ணன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"முக்கால் மணி நேரமாப்பா."

"முப்பத்தொம்பது டிகிரியில முக்கால் மணி நேரம் நின்னா என்னத்துக்கு ஆகும்? அறிவிருக்கா ஒனக்கு? மத்தியான வெயில் மண்டையில ஏறுனா என்னாகும்னு ஏழாவதுல படிக்கல? உள்ள வாடா!"

சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. போன் அணைந்துபோனது.

ஜெபக்குமார் படியேறி வந்தபோது அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. மூன்றாவது வரியில் முப்பத்தொன்பது இருந்தது. நாலாவது வரியில் முப்பத்தொன்பது என்று எழுதினார். இரண்டு வருஷத்தில் அந்த இரண்டு வரியிலும் ஒரே எண் வந்தது அன்றைக்குத்தான். எழுதி முடித்து, அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகுதான் மகனைப் பார்த்தார். காது நுனி எல்லாம் தோல் உரிந்து கறுத்துப்போயிருந்தான்.

"நாப்பத்தாறு" என்றார் அண்ணன், தனக்குத்தானே. பிறகு, "அற்புதம், இவனுக்கு மோர் குடு. உப்புப் போட்டுக் குடு."

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டாவது கரண்டிக் கறி விழும்போதுதான் அண்ணனுக்கு மீதிக் கணக்கு ஓடியது.

"டேய், எப்பக் கிளம்புன அங்கேருந்து?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரிப்பா."

"அப்ப புதன்கிழமை நாப்பத்துநாலு?"

"ஜோத்பூர் ஸ்டேஷன்."

"நாப்பத்திரண்டு?"

"மகாராஷ்டிராவுல ஏதோ ஒரு ஊருப்பா, ரயிலு ரொம்ப நேரம் நின்னுச்சு."

"நாப்பது… மெட்ராஸா?"

"ஆமாப்பா. அம்மா தினமும் எத்தனை டிகிரின்னு கேட்டாங்க, நான் போன்ல பார்த்துச் சொன்னேன்."

"போன்ல பார்த்தா! அளக்கவே இல்லையா!" அண்ணனுக்கு ஏமாந்ததைவிட இதுதான் வலித்தது. "என் நோட்டுல மூணு நாளு… பேனாவுல வேற எழுதிட்டேன்… டீக்கடையில ஊட்டின்னு வேற சொல்லிட்டேனே!"

மேற்கிலிருந்து வந்த காற்று ரயில் ஜன்னல் காற்று. தினம் இரண்டு டிகிரி இறங்கியது பாலைவனம் இல்லை. மகன் தெற்கே வந்துகொண்டிருந்தான். அவன் வீடு வந்த வழி முழுவதையும் அண்ணனே தன் கையால், தேதி போட்டு, பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தார்.

"அடிச்சுடவா?" என்று நோட்டை எடுத்தார்.

"எதுக்கு? அளந்தவன்ட்டயே நேருல விசாரிச்சாச்சுல்ல?" என்றார் மதினி.

அண்ணன் கடைசியாக ஒரு கோட்டையைப் பிடித்து நிற்கப் பார்த்தார்.

"எப்படியோ, நானா இவனைக் கூப்பிடல. போன் போட்டது நீ. நான் டிகிரி கேட்டேன், அவ்வளவுதான்."

"உள்ள வாடான்னது யாருங்க?"

"வெயில்ல நிக்காதன்னேன். அது பொது அறிவு."

"ஆமாங்க" என்று மதினி அவர் தட்டில் ஒரு எலும்பைப் போட்டார். "அதை நம்பித்தான் காலையிலேயே மூணு ஆளு அரிசி போட்டேன்."

அறுபத்திரண்டு என்று சொன்னது பொய்தானே மதினி, பாவமில்லையா என்று நான் கேட்டேன். "அதுக்குத்தானே சனிக்கிழமையாப் பார்த்துச் சொன்னேன்?" என்றார். சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனம் உண்டு. அன்றைக்கே போய்ச் சொல்லி, ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபத்தை அபராதமாக வாங்கி, சூடு ஆறுவதற்குள் முடித்துவிட்டாராம்.

ஜெபக்குமார் லீவு முழுக்க வீட்டில்தான் இருந்தான். அந்த முப்பது நாளும் நாலாவது வரியில் ஆவூர் வெயில்தான்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இப்போது பையனை லடாக் பக்கம் மாற்றியிருக்கிறார்களாம். அண்ணன் நோட்டில் வரிசை மாறிவிட்டது. குளிரைத்தான் முதலில் எழுதுகிறார். பதினொன்றரைக்குப் போனை மதினி எடுப்பதில்லை, அவரே எடுத்து "எத்தனை?" என்கிறார். போன வாரம் புதுக்கோட்டைக் கடைத்தெருவில் மத்தியானம் இரண்டு மணிக்கு, வேர்வை சொட்டச் சொட்ட, கனமான கம்பளி ஸ்வெட்டர் கேட்டுக் கடை கடையாக ஏறியிருக்கிறார். "யாருக்குங்க ஐயா, இந்த மே மாசத்துல?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "எனக்குத்தான், எனக்குக் குளிருது" என்றாராம். ஒரு கடையிலும் கிடைக்கவில்லை. கீரனூர் போயும் பார்த்துவிட்டார்.

உங்களுக்குத் தெரிந்த கடை எங்காவது இருந்தால் சொல்லுங்கள். நெஞ்சளவு முப்பத்தெட்டு.